பிழை தெரிகிற வகுப்பறை

(கல்வியியல் கல்லூரிக் கூட்டம் ஒன்றில் கணிதப் பிரிவு பயிற்சி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கல்வியியல் பட்டப்படிப்பில் சேர்ந்த எவரும் அனுபவக் கூம்பு என்ற படத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. எட்கர் டேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வரைந்த கூம்பு அது. படத்தின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு கணக்கும் இருக்கும்: படித்ததில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டதில் 20, பார்த்ததில் 30, பார்த்துக் கேட்டதில் 50, தானே செய்ததில் 90. வகுப்பறைக்குத் திரை வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் பலரும் இந்த எண்களிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். டேல் 1946-இல் வெளியிட்ட நூலில் கூம்பு உண்டு. இந்த எண்களில் ஒன்றுகூடக் கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தவை அவை. எல்லாமே பத்தால் மீதியின்றி வகுபடும் எண்களாக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்ததுமே கணக்கு வாத்தியார் யாருக்காவது சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். எண்கள் பொய் என்பதோடு விஷயம் முடியவில்லை. நன்றாகக் காட்டினால் பிள்ளை கற்றுக்கொள்ளும், ஆகவே காட்டும் கருவி உயர உயரக் கல்வியும் உயரும் என்ற நம்பிக்கை அவற்றுக்கு அடியில் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டில் வகுப்பறைக்குள் நுழையவிருக்கும் எங்களைப் போன்றவர்கள் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான். பிள்ளைக்கு எதைக் காட்டுகிறது என்பதை வைத்து ஒரு கருவியை எடை போடக் கூடாது, பிள்ளையின் யோசனையை ஆசிரியருக்கு எவ்வளவு காட்டிக் கொடுக்கிறது என்பதை வைத்தே எடை போட வேண்டும் என்பது என் வாதம்.

காட்டும் கருவிகளின் மேல் உலகம் வைத்த நம்பிக்கைக்கு வயது நூற்றுக்கு மேல். பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியும், எல்லாப் பாடத்தையும் திரைப்படமே கற்பித்துவிடும், பத்தே ஆண்டில் பள்ளிக்கூடம் அடியோடு மாறும் என்று 1913-இல் தாமஸ் எடிசன் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். திரைப்படத்துக்குப் பிறகு வானொலி வந்தது, அதற்குப் பிறகு தொலைக்காட்சி. லாரி கியூபன் என்ற கல்வி வரலாற்றாசிரியர் 1986-இல் எழுதிய நூலில் இந்த மூன்றின் கதையும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டினார்: ஆரவாரமான அறிவிப்பு, கொஞ்சம் பயன்பாடு, ஏமாற்றம், கடைசியில் ஆசிரியர் மேல் பழி. நம் நாட்டில் 1975 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் உதவியோடு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. தமிழ்நாட்டில் 2011-இல் விலையில்லா மடிக்கணினி, 2018-இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, இப்போது ஸ்மார்ட் போர்டு. இவற்றை வீண் என்று தள்ள நான் வரவில்லை. கணினியே பார்க்காத வீட்டுக்குள் ஒரு மடிக்கணினி நுழைந்ததன் சமூக மதிப்பு தனியே பேசத் தக்கது. நான் சுட்டுவது இவை பாயும் திசையை. எல்லாம் திரையிலிருந்து பிள்ளையை நோக்கியே பாய்கின்றன. பிள்ளையிடமிருந்து ஆசிரியரை நோக்கி எதுவும் வருவதில்லை, அல்லது மிகக் குறைவாகவே வருகிறது.

அந்த எதிர்த்திசை ஏன் முக்கியம் என்பதற்கு என் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 0.8, 0.35 இரண்டில் எது பெரியது? நடுநிலை வகுப்பில் இந்தக் கேள்விக்கு 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் எந்த ஊரிலும் இருப்பார்கள். 35 பெரிது, 8 சிறிது, அவ்வளவுதான் கணக்கு. புள்ளிக்குப் பின்னால் வருவதையும் முழு எண்ணாகவே வாசிக்கும் பிள்ளை இது. பக்கத்து இருக்கைப் பிள்ளை 0.8 என்று சரியாகச் சொல்லும். பத்தில் ஒன்று பெரிய துண்டு, நூறில் ஒன்று சின்னத் துண்டு, 0.35 என்பது நூறில் ஒன்றுகளால் ஆனது, ஆகவே அது சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது இந்தப் பிள்ளையின் நியாயம். விடை சரி, நியாயம் தவறு. 0.3, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் குட்டு வெளிப்படும். இப்போது இரண்டாம் பிள்ளை 0.3 என்று தவறாகச் சொல்லும். முதல் பிள்ளை 45 பெரிது என்ற தன் பழைய கணக்கிலேயே 0.45 என்று சரியான விடையைத் தரும். முதல் வகையில் ஐந்தும் இரண்டாம் வகையில் ஐந்துமாகப் பத்துக் கேள்வி வைத்தால் இருவருக்கும் பத்துக்கு ஐந்து. மதிப்பெண் பதிவேட்டில் இருவரும் ஒரே ஆள். உண்மையில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்கிறார்கள். பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று ஆசிரியர் மறுபடியும் அழுத்திச் சொன்னால் முதல் பிள்ளைக்கு அது உதவக்கூடும். இரண்டாம் பிள்ளையின் தவறான எண்ணத்தை அதே வாக்கியம் இன்னும் கெட்டிப்படுத்தும். கேள்விகளெல்லாம் 0.7, 0.4 என்றோ 0.62, 0.58 என்றோ புள்ளிக்குப் பின் ஒரே எண்ணிக்கையில் இலக்கங்கள் உள்ளவையாக அமைந்துவிட்டால் இன்னும் வேடிக்கை: இருவரும் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டெயின்லி ஆகியோர் தசம எண்களில் பிள்ளைகள் செய்யும் இந்தத் தவறுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வகைப்படுத்தினார்கள். அந்த மரபில் ஆசிரியர்களுக்கென்று இணையவழிச் சிறுதேர்வுகள் பின்னர் உருவாயின. சில நிமிடங்களில் முடிந்துவிடும் தேர்வுகள் அவை. எத்தனை சரி என்பதைவிட, எந்தப் பிள்ளை எந்த விதமாக யோசிக்கிறது, அடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று ஆசிரியருக்குச் சொல்வதே அவற்றின் வேலை. இதன் பக்கத்தில், இன்று எங்கும் கிடைக்கும் அசைபடப் பாடம் ஒன்றை வைத்துப் பாருங்கள். வண்ணம் இருக்கும், பின்னணி இசை இருக்கும், ஒரு சதுரம் நூறு கட்டங்களாக அழகாகப் பிரியும். நான் சொன்ன இரு பிள்ளைகளும் அதை ரசித்துப் பார்ப்பார்கள்; பார்த்து முடித்ததும் இருவரும் தத்தம் தவற்றோடு எழுந்து போகக்கூடும். படத்துக்கு அவர்களைத் தெரியாது. கூடவே இருக்கும் ஆசிரியர் படத்தை நிறுத்திவிட்டு 0.3, 0.45 கேள்வியைக் கேட்டால் நிலைமை மாறும். ஆனால் அந்தக் கேள்வி ஆசிரியரிடமிருந்து வந்தது, படத்திலிருந்து வரவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் விலை உயர்ந்த கருவிகள் சில கீழே இறங்கிவிடும். மலிவானவை சில மேலே ஏறிவிடும். சிலேட்டு நல்ல தொழில்நுட்பம். கேள்வியைக் கேட்டு, எல்லோரும் எழுதித் தூக்கிப் பிடியுங்கள் என்று சொன்னால் நாற்பது விடைகள் ஒரே நேரத்தில் ஆசிரியர் கண்ணில் படும். கையைத் தூக்கச் சொன்னால் தெரிந்த பிள்ளை மட்டும் தூக்கும். சிலேட்டில் தெரியாத பிள்ளையும் தெரிந்துவிடும். அதன் குறை, அடுத்த கேள்விக்கு அழித்ததும் முந்தைய விடை போய்விடுவதுதான். ப்ளிக்கர்ஸ் என்ற செயலி இந்த இடத்தை நிரப்புகிறது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு குறியீடு அச்சிட்ட அட்டை இருக்கும். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதற்கேற்ப முதல் விடை, இரண்டாம் விடை, மூன்றாம் விடை, நான்காம் விடை. ஆசிரியர் தன் ஒரே ஒரு கைபேசியின் கேமராவை வகுப்பை நோக்கிச் சுழற்றினால் யார் எதைத் தேர்ந்தார்கள் என்பது பெயர்வாரியாகப் பதிவாகிவிடும். பிள்ளை கையில் கருவியே வேண்டாம். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடையைத் திருப்பவும் வழியில்லை, ஏனென்றால் ஒவ்வோர் அட்டையும் வேறு வேறு வடிவம். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றைச் சார்ந்திருக்கிறது. நான்கு விடைகளில் தவறான மூன்றும் பிள்ளைகள் உண்மையிலேயே செய்யும் தவறுகளிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். வாய்க்கு வந்த எண்களை நிரப்பி வைத்தால் அட்டையும் செயலியும் வெறும் விளையாட்டு. அரை கூட்டல் மூன்றில் ஒன்றுக்கு ஐந்தில் இரண்டு என்பது ஒரு தெரிவாக இருந்தால், அதைத் தேர்ந்த பிள்ளை மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியே கூட்டியது என்று உடனே தெரிந்துவிடும். அந்தத் தெரிவை வைக்கத் தெரிவதுதான் ஆசிரியரின் தொழில்.

என் வாதத்துக்குச் சான்று கேட்பீர்கள். கருவி கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் சோதித்த நாடு பெரு. ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். திட்டம் வந்த பள்ளிகளில் ஒரு மாணவருக்கு 1.18 கணினி, வராத பள்ளிகளில் 0.12. இவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பிறகும் கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. பொதுவான அறிதிறன் சோதனைகளில் சிறு முன்னேற்றம் தென்பட்டது, அவ்வளவுதான். சான்று என்பதையே கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்குக் கென்யா ஆய்வு ஒன்று இருக்கிறது, 2004-இல் வெளியானது. பாட விளக்கப்படங்கள் வைத்திருக்கும் பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் வெறுமனே ஒப்பிட்டபோது படம் இருந்த பள்ளிகள் நன்றாகவே முன்னால் நின்றன. பிறகு 178 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் போன்ற முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறுபாடு காணாமல் போயிற்று. படம் வாங்கும் பள்ளி வேறு பலவற்றையும் நன்றாகச் செய்யும் பள்ளி என்பதுதான் முதல் ஒப்பீட்டின் ரகசியம். ஸ்மார்ட் போர்டு உள்ள தனியார் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் காட்டி யாராவது வாதாடினால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம், நம் நாட்டிலேயே வெற்றி பெற்ற சோதனையும் உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் டெல்லியில் 619 மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. குலுக்கலில் தேர்வான நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் மாலையில் ஒரு மையத்துக்கு வந்து மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளோடு 45 நிமிடமும், சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு 45 நிமிடமும் படித்தார்கள். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்டவிலக்கமும் இந்தியில் 0.23 திட்டவிலக்கமும் ஏற்றம். கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த மென்பொருள் முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்ன செய்தி. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த சராசரிப் பிள்ளை கணிதத்தில் சுமார் இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தது; ஒரே வகுப்பறைக்குள் ஐந்தாறு வகுப்புகளின் நிலைகள் கலந்து கிடந்தன. பாடநூல் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொன்னது. மென்பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நின்ற இடத்திலிருந்து கேள்வி கொடுத்தது. கூடுதலாக ஒன்றரை மணி நேரம் படித்தால் யாரும் முன்னேறுவார்கள், இதில் மென்பொருளுக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே நகரத்தில் வகுப்புப் பாடத்தையே திரும்பச் சொல்லிக் கொடுத்த மாலை வகுப்புகளை ஆராய்ந்த வேறொரு ஆய்வில் பயன் தென்படவில்லை. நேரத்தைவிட, நேரத்தை எந்த இடத்தில் செலவிட்டார்கள் என்பதே வேறுபாட்டுக்குக் காரணமாகத் தோன்றுகிறது. இதில் ஒரு கசப்பான துணைச்செய்தியும் உண்டு. கணிதத்தில் இவ்வளவு முன்னேறிய பிள்ளைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து ஐந்தாம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வினாத்தாள் என்ன சொல்லும்? முன்னும் தோல்வி, பின்னும் தோல்வி. பிழையைக் காட்டாத தேர்வு முன்னேற்றத்தையும் காட்டாது. குஜராத்தில் லீ லிண்டன் 2008-இல் வெளியிட்ட ஆய்வையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஞான்சாலா அமைப்பின் பள்ளிகளில் கணினி வழிக் கணிதம் வழக்கமான வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டபோது பிள்ளைகளின் மதிப்பெண் இறங்கியது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது ஏறியது. நல்ல ஆசிரியர் கையிலிருந்த நேரத்தைப் பறித்து எந்திரத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் பார்க்கவில்லை.

பிள்ளை நிற்கும் இடமறிந்து கற்பிக்கும் இந்தச் சிந்தனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் எந்திரமே கிடையாது. அட்டைகளும் கற்றல் ஏணியும்தான். ஏணியில் எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. செயலி வழி மதிப்பீடும் அதில் சேர்ந்திருக்கிறது. கருத்தளவில் நான் வாதாடுவதும் இதையே. சிக்கல் வேறிடத்தில். செயலியில் ஏற்றும் தகவல் எங்கே போகிறது, யாருக்குத் திரும்பி வருகிறது? எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவேற்றப் பணியிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கேட்டுவருவதை வேலை செய்ய மனமில்லாதவர்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வருகை, சத்துணவு, நலத்திட்டப் பொருள், மதிப்பெண் என்று வகுப்பறையிலிருந்து தகவல் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. நிர்வாகத்துக்கு அது தேவைதான். ஆனால் மேலே போகும் எண், எத்தனை பிள்ளைகள் எந்த நிலை என்ற கூட்டுத்தொகை. 0.35 பெரியது என்று சொன்ன பிள்ளை யார், 0.3 பெரியது என்று சொன்ன பிள்ளை யார் என்ற செய்தி அந்தக் கூட்டுத்தொகையில் கரைந்துவிடுகிறது. அந்தச் செய்தி ஆசிரியர் மேசையில்தான் பயன்படும், அதுவும் அன்றைக்கே. அடுத்த மாதம் வந்தால் பாடம் போய்விட்டிருக்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பாட ஆசிரியரே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் நடக்கின்றன. அங்கே காணொலிப் பாடத்தையும் குறை சொல்வீர்களா? சொல்ல மாட்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி பல வீடுகளில் இருந்த ஒரே பள்ளிக்கூடம். மெக்சிகோவில் டெலிசெகுந்தாரியா என்ற தொலைக்காட்சி வழி நடுநிலைப் பள்ளிகள் 1968 முதல் இயங்குகின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியரை அனுப்ப முடியாத கிராமங்களுக்கு அவைதான் பள்ளி. ஆனால் அங்கேயும் ஒளிபரப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடத்தைப் பேச வகுப்பறையில் ஓர் ஆசிரியர் உண்டு. எனக்குக் கவலை தருவது, இல்லாத ஆசிரியருக்கு ஈடாக வந்த கருவி, இருக்கும் ஆசிரியரைக் குறைக்கும் சாக்காக மாறிவிடுவது. இதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய முன்கதை இருக்கிறது. 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். உதவியாளர்கள் ஒத்துழைக்காததால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனையே எழுத்து வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் அதிசயமில்லை. 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தெங்கும் பரவியது. மணலில் எழுதினால் பிழை உடனே தெரியும், அழிக்கச் செலவில்லை. பக்கத்தில் இருக்கும் சட்டாம்பிள்ளை திருத்துவான். இங்கிலாந்துக்குப் போனதும் இந்த முறையின் வேறொரு பயன் ஆட்சியாளர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம்! ஆசிரியர் சம்பளத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடாக அது வளர்ந்து, மனப்பாட ஒப்பித்தலாக வறண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஓய்ந்துபோனது. கருவியில் கோளாறில்லை. எதற்காக வாங்கினார்கள் என்பதில்தான் கோளாறு.

அடுத்த மறுப்பு செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. பிள்ளையின் யோசனையைக் காண்பதே முக்கியம் என்றால், நாற்பது பேரோடும் தனித்தனியே பேசக்கூடிய எந்திரம் வந்துவிட்ட பிறகு ஆசிரியர் எதற்கு? துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் நடந்த சோதனை இதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. ஒரு பிரிவினருக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் அவர்கள் மதிப்பெண் 48 சதவீதம் உயர்ந்தது. கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு நடத்தியபோது, கருவியையே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைக் கேட்டு வாங்கிக்கொண்டதில் கணக்கு கைக்கு வரவில்லை. இன்னொரு பிரிவினருக்குக் கொடுத்த கருவி விடையைச் சொல்லாது. குறிப்பு மட்டும் தரும். பயிற்சியில் இவர்கள் 127 சதவீதம் உயர்ந்தார்கள், தேர்விலும் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இரண்டாவது கருவிக்குள் என்ன இருந்தது என்பதுதான் எங்களுக்கான செய்தி. ஒவ்வொரு கணக்கிலும் பிள்ளைகள் வழக்கமாக எங்கே சறுக்குவார்கள், அப்போது என்ன குறிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததை அதற்குள் வைத்திருந்தார்கள். தசமத்தில் இரண்டு விதமான தவறு உண்டு என்று அறிந்த ஆசிரியர் பின்னால் இருந்தால் எந்திரம் பயன்படும். இல்லாவிட்டால் அது அழகான வீட்டுப்பாடங்களை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த எந்திரங்கள் நாளை இன்னும் நுட்பமாகலாம், தவறுகளைத் தாமே கண்டுபிடிக்கலாம். அப்போதும் ஒன்று மிச்சமிருக்கும். கேள்வியைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிடும் பிள்ளை எந்திரத்திடம் எதையும் தட்டச்சு செய்யாது. அது தவறே செய்யாத பிள்ளையாக அங்கே பதிவாகும்.

தனியார் பள்ளிப் பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும்போது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் சிலேட்டா என்று கோபமாகக் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். கணினியைக் கையாளவும் இணையத்தில் தேடவும் நிரல் எழுதவும் பொய்ச் செய்தியை அடையாளம் காணவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்றுத்தர வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அதற்காகத் திறந்தே இருக்க வேண்டும், பூட்டுப் போட்டுக் காக்கப்படக் கூடாது. அது கணினியைக் கற்பது. தசமத்தைக் கணினியால் கற்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே செலவுக் கணக்கில் எழுதுவதால்தான் குழப்பம். பார்வையற்ற பிள்ளையைப் பொறுத்தவரை என் அளவுகோலே பொருந்தாது. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் தமிழ்ப் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறது என்றால் அது கற்பித்தல் துணைக்கருவி அல்ல, அந்தப் பிள்ளைக்கு அதுதான் பாடநூல். அதைக் கொடுக்கப் பயன் ஆய்வு எதுவும் தேவையில்லை. மற்றபடி சமத்துவம் என்று பேசும்போது எதில் சமம் என்று கேட்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது திரை மட்டும் அல்ல. தவறு செய்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி யோசித்தாய் என்று கேட்க ஒரு டியூஷன் ஆசிரியரோ படித்த பெற்றோரோ அங்கே இருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு முதலில் சமமாக வேண்டியது அந்தக் கேள்வி. அதைக் கேட்க ஆசிரியருக்கு நேரம் மிச்சமாக்கும் எந்தக் கருவியையும், எவ்வளவு விலையானாலும், வாங்கலாம்.

கடைசியாக, எங்கள் படிப்பைப் பற்றி. 2015 முதல் கல்வியியல் பட்டப்படிப்பு ஈராண்டு. கல்வித் தொழில்நுட்பத்துக்கென்று பாடம் இருக்கிறது, பள்ளிகளில் பல வாரக் கற்பித்தல் பயிற்சி இருக்கிறது. பயிற்சி வகுப்பை மதிப்பிட வருபவர்கள் துணைக்கருவி இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா, பொருத்தமாகக் காட்டப்பட்டதா என்று பார்க்கிறார்கள். ஆகவே பயிற்சி மாணவர்களும் படம் வரைவதிலும் படக்காட்சி தயாரிப்பதிலும் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். பாடத்திட்ட ஏட்டில் கற்பித்தல் செயல்பாடு, கற்றல் செயல்பாடு, துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள் உண்டு. அவற்றோடு இன்னும் ஒரு கட்டம் சேர்க்கும்படி கேட்கிறேன்: இந்தப் பாடத்தில் பிள்ளைகள் செய்யக்கூடிய தவறுகள் எவை, ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுவரும் கேள்வி எது. அதற்குக் கீழே வகுப்பு முடிந்ததும் நிரப்ப வேண்டிய ஒரு வெற்றிடம்: எந்தத் தவறு எத்தனை பேரிடம் இருந்தது, எதிர்பாராமல் வந்தது எது. ஒரு கல்லூரியில் படிக்கும் கணிதப் பிரிவு மாணவர்கள் இதை ஓராண்டு செய்து, பாடவாரியாகத் தொகுத்தால், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் கணிதத்தில் எங்கே எப்படிச் சறுக்குகிறார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் கிடைக்கும். மெல்போர்னில் தசமத்துக்குச் செய்ததை நாம் பின்னத்துக்கும் குறை எண்களுக்கும் இயற்கணிதத்துக்கும் தமிழில் செய்யலாம். செயலி எழுதத் தெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்குக் கொடுக்க இப்படி ஒரு பட்டியல் நம்மிடம் இருக்க வேண்டும். வரும் பருவத்துக் கற்பித்தல் பயிற்சியிலேயே, ஏழாம் வகுப்பின் தசம எண்கள் பாடத்திலிருந்து இதைத் தொடங்கக் கல்லூரி முதல்வரும் பேராசிரியர்களும் ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டம் சேர்த்த பாடத்திட்ட ஏட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றைத் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பார்த்துத் திருத்தம் சொல்லலாம்.